சைக்கிள் எட்டும் தூரத்துக் கதைகள்

ஈழத்துச் சிறுகதைகளை வாசிக்கத் தொடங்க ஆசைப்படுகிறவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் புத்திமதி, நல்ல தொகுதி ஒன்றை வாங்கு என்பது. நான் அதை முதலில் சொல்லமாட்டேன். நல்ல தொகுதிகள் இருக்கின்றன. பிறகு அவற்றுக்கு வருவோம். முப்பது எழுத்தாளரின் முப்பது கதையை ஒரே மூச்சில் வாசித்தவரிடம் ஒரு மாதம் கழித்துக் கேட்டால் இரண்டு மூன்று பெயர்தான் வரும். யார் யாருக்கு நண்பர், எந்தக் கதைக்கு எந்தக் கதை மறுமொழி, எந்த ஒழுங்கையில் இருந்து எந்தக் கதை வந்தது என்பதெல்லாம் தொகுதியில் இல்லை.

உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். அது நீங்கள் பிறந்த ஊராக இருக்கவேண்டும் என்பதில்லை. தாயின் ஊர், படிப்பிக்கப் போன ஊர், கலியாணம் கட்டிப்போன ஊர், எதுவும் சரி. அங்கே கதை எழுதியவர் யார், எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார், எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினார், அந்தப் பத்திரிகையில் அவரோடு சேர்ந்து எழுதினவர் யார் என்று ஒன்றைப் பிடித்து மற்றதுக்குப் போகலாம். இந்த அத்தியாயத்தில் அளவெட்டியை எடுத்து அதைச் செய்து காட்டுகிறேன். உங்கள் ஊர் வேறாக இருந்தால் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், வழி மாறாது.

மல்லாகம் சந்தியில் காங்கேசன்துறை வீதியை விட்டு மேற்கே திரும்பினால் அளவெட்டி. செம்மண் தோட்டங்கள், கும்பழாவளைப் பிள்ளையார் கோயில், அருணோதயக் கல்லூரி. வெளியூரார் இந்த ஊரை இசையால் அறிவார்கள். தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தியும் (1933–1975) நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் அளவெட்டியின் பெயரைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள். எழுத்தால் அறிகிறவர்கள் குறைவு. ஆனால் ஈழத்து நவீன இலக்கியத்தில் தவிர்க்கமுடியாத மூன்று பெயர்கள் ஒரே தலைமுறையில் இங்கிருந்து வந்தன. அவற்றோடு நாலாவதாக ஒரு பெண்ணின் பெயரும் சேரவேண்டும்.

நாலு பெயர்

முதலாவது அ. செ. முருகானந்தன் (1921–1991). மாவிட்டபுரத்தில் பிறந்து அளவெட்டியில் வளர்ந்தவர். சனம் அவரை அ.செ.மு. என்றே சொல்லும். ‘மனித மாடு’ என்ற கதையைத் தேடி எடுங்கள். மனிதனை மனிதன் வைத்து இழுக்கிற ரிக்‌ஷாவைப் பற்றியது. தலைப்பிலேயே கோபம் தெரிகிறது. கதை வாசிக்க வாசிக்க அந்தக் கோபத்தை எழுத்தாளர் எவ்வளவு கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார் என்பதும் தெரியும். பிறகு ‘வண்டிற் சவாரி’. திருக்கல் வண்டி, நாம்பன், வீதியோரம் கூடிய சனம் என்று ஒரு காலத்து யாழ்ப்பாணத்தின் உற்சாகத்தை இந்தப் பெயரைக் கேட்டவுடனேயே முதியவர்கள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பேச்சைத் தடுக்காமல் கேளுங்கள். கதைக்கு அதைவிட நல்ல முன்னுரை கிடையாது. ‘புகையில் தெரிந்த முகம்’ என்ற அவருடைய நாவல் சிறிது. ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம்.

இரண்டாவது அ. ந. கந்தசாமி (1924–1968). அளவெட்டியில் பிறந்து, இளவயதிலேயே கொழும்புக்குப் போய், பத்திரிகையாளராகவும் இடதுசாரியாகவும் வாழ்ந்து, நாற்பத்துமூன்று வயதில் மறைந்தவர். ‘கவீந்திரன்’ என்ற பெயரில் கவிதை எழுதினார். ‘மதமாற்றம்’ என்ற நாடகத்தால் சைவரையும் கிறிஸ்தவரையும் ஒருசேரச் சீண்டினார். எமிலி சோலாவின் ‘நானா’வைத் தமிழில் கொண்டுவந்தார். ‘மனக்கண்’ என்ற நாவலைத் தினகரனில் தொடராக எழுதினார். இப்படி எல்லாப் பக்கமும் கைவைத்தவரின் சிறுகதைகள் அவர் உயிரோடு இருந்தபோது ஒரு புத்தகமாகக்கூட வரவில்லை. ‘இரத்த உறவு’, ‘நாயினும் கடையர்’, ‘ஐந்தாவது சந்திப்பு’ முதலியவை பத்திரிகைப் பக்கங்களிலேயே சிதறிக் கிடந்தன. இந்தச் சங்கதியை மனதில் வைத்திருங்கள். தேடுகிற முறையையே இதுதான் தீர்மானிக்கிறது.

மூன்றாவது மஹாகவி என்ற து. உருத்திரமூர்த்தி (1927–1971). அவர் கவிஞர், சிறுகதைப் பட்டியலில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். யாழ்ப்பாணத்து மனிதரைப் பற்றிய நல்ல கதைகள் சில செய்யுளில் இருக்கின்றன என்பதே என் பதில். ‘கண்மணியாள் காதை’யையும் ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ என்ற காவியத்தையும் கதையாகவே வாசிக்கலாம். ‘கோடை’ நாடகம் நாயனக்காரர் குடும்பம் ஒன்றைச் சுற்றி நடக்கிறது. அளவெட்டியின் மேளச்சத்தத்தையும் எழுத்தையும் ஒரே இடத்தில் கேட்க விரும்பினால் அதைத்தான் எடுக்கவேண்டும்.

நாலாவது பவானி ஆழ்வாப்பிள்ளை. 1950களின் இறுதியிலும் அடுத்த தசாப்தத்தின் தொடக்கத்திலும் எழுதினார். ‘கடவுளரும் மனிதரும்’ என்ற தொகுதி 1962இல் வந்தது. பெண் எழுதினால் குடும்பக்கதைதான் வரும் என்று ஆசிரியர்களே நினைத்திருந்த காலத்தில், ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் எப்படி ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பதைக் கண் கூசாமல் பார்த்தவர். முதல் மூன்று பெயரையும் மேடைக்கு மேடை சொல்லுகிற நாங்கள் இந்த நாலாவதைச் சொல்ல மறந்துபோவது வழக்கம். பட்டியல் போடும்போது, ‘இதில் பெண்கள் யார்?’ என்று தனியாக ஒருதரம் கேளுங்கள். கேட்காவிட்டால் பெயர் தானாக வராது.

ஏன் இவ்வளவு பேர், ஒரே காலத்தில்?

இதற்கு விடை தேடினால் இரண்டு கட்டடத்தில் போய் நிற்பீர்கள்: ஒன்று பள்ளிக்கூடம், மற்றது அச்சகம்.

பள்ளிக்கூடம் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி. பாவலர் தெ. அ. துரையப்பாபிள்ளை 1910இல் தொடங்கியது. அவரே கவிஞர், நாடகக்காரர். அ.செ.மு., அ.ந.க., மஹாகவி மூவரும் அங்கே படித்தவர்கள். எழுதுகிற சிநேகிதன் பக்கத்து வாங்கில் இருந்தால் எழுத்து தொற்றிக்கொள்ளும். ஆகவே உங்கள் ஊர் எழுத்தாளர் ஒருவரைக் கண்டுபிடித்தவுடன் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய ஆண்டு மலர்களைத் தேடுங்கள். பதினேழு வயதில் எழுதின முதல் கதை அங்கே கிடக்கலாம். கதை பெரும்பாலும் மோசமாக இருக்கும். ஆனால் அதே இதழில் அவரோடு எழுதின மற்றப் பெயர்கள் உங்களுக்குத் தேவை.

அச்சகம் சுன்னாகத்தில் இருந்தது. குரும்பசிட்டி நா. பொன்னையா 1930இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ வார இதழ், 1958 வரை திருமகள் அழுத்தகத்தில் இருந்து வந்தது. இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் கதை எழுதுகிற பிள்ளைக்குச் சென்னைக்கோ கொழும்புக்கோ அனுப்பலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. அன்றைக்கு அளவெட்டிப் பொடியன் ஒருவன் கதையைக் கையில் கொண்டு சைக்கிளில் சுன்னாகத்துக்குப் போய் ஆசிரியரிடம் நேரே கொடுக்கலாம். திருப்பித் தந்தால் ஏன் என்றும் கேட்கலாம். இந்த வசதி ஒரு தலைமுறையையே எழுத்தாளராக்கியது என்பது என் கட்சி.

அந்த இளைஞர்கள் 1943இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கத்தை உருவாக்கினார்கள். வரதர், அ.செ.மு., அ.ந.க., நாவற்குழியூர் நடராஜன், பஞ்சாட்சரசர்மா முதலியோர் அதில் இருந்தார்கள். 1946இல் ‘மறுமலர்ச்சி’ இதழ் வந்தது, 1948இல் நின்றது. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூட. ஆனால் ஈழத்துச் சிறுகதையைப் பற்றிக் கதைக்கிறவர் யாரும் அந்த இரண்டு வருடத்தைத் தாண்டிப் போவதில்லை.

அடுத்த ஊருக்கு

அளவெட்டியைச் சுற்றிச் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஊர்களைப் பாருங்கள். கிழக்கே ஏழாலை. ஈழத்துச் சிறுகதையின் மூலவர் என்று சொல்லப்படும் மூவரில் இருவர், சி. வைத்தியலிங்கமும் (1911–1991) இலங்கையர்கோனும் (1915–1961), அந்த ஊர்க்காரர். மூன்றாமவரான சம்பந்தன் திருநெல்வேலி. குப்பிழானில் ஐ. சண்முகன் (1946–2023), ‘கோடுகளும் கோலங்களும்’ 1976இல் வந்தது. குரும்பசிட்டியில் இரசிகமணி கனக செந்திநாதன் (1916–1977). விழிசிட்டியில் கோகிலா மகேந்திரன்.

இதில் யாரிலிருந்து தொடங்குவது? என்னிடம் கேட்டால் இலங்கையர்கோனின் ‘வெள்ளிப் பாதசரம்’. இளம் கணவனும் மனைவியும் வல்லிபுரக்கோயில் திருவிழாவுக்குப் போகிறார்கள். அங்கே மனைவியின் காற்பாதசரம் ஒன்று தொலைந்துபோகிறது. அதற்குப் பிறகு நடப்பதை நான் சொல்லப்போவதில்லை. பெரிய தத்துவம் எதுவும் இல்லாமல், ஒரு சின்னச் சண்டையை வைத்துக்கொண்டு ஒரு தாம்பத்தியத்தைக் காட்டிவிடுகிற கதை. கோயில் மணலும் சனநெருக்கமும் ராத்திரிப் பயணமும் கதைக்கு வெளியே நிற்கும் வர்ணனையாக இல்லாமல் சண்டையோடு சேர்ந்தே வருகின்றன. பதினைந்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவியும் ஒன்றாக இருந்து கேட்கக்கூடிய கதை இதுபோல் அதிகம் இல்லை.

இலங்கையர்கோன் 1961இல் மறைந்தார். ‘வெள்ளிப் பாதசரம்’ தொகுதி 1962இல் வந்தது. வைத்தியலிங்கம் 1930களிலேயே எழுதத் தொடங்கியவர். ‘கங்காகீதம்’ வந்தது 1990இல். அ.ந.க.வின் நிலையை ஏற்கெனவே சொன்னேன். இதில் இருந்து தேடுகிறவர் எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்று. எங்கள் மண்ணில் கதையின் வீடு சஞ்சிகை. புத்தகம் பெரும்பாலும் எழுத்தாளரின் கடைசிக் காலத்தில் வரும், அல்லது அவர் போனபின் வரும், அல்லது வரவே வராது. புத்தகக் கடையில் ஒருவரின் புத்தகம் இல்லை என்பதற்காக அவர் எழுதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கே தேடுவது

முதலில் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம். 2005இல் தொடங்கிய இந்த முயற்சியால் ஈழத்துப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் படமாக்கப்பட்டு எவரும் காசில்லாமல் வாசிக்கக் கிடக்கின்றன. ஒரு வார்த்தை: கதையின் பெயரைப் போட்டுத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் கைவிட்டுவிடாதீர்கள். சஞ்சிகையின் பெயரைப் போட்டு, இதழ் இதழாகத் திறந்து, உள்ளடக்கத்தைக் கண்ணால் பாருங்கள். மெதுவான வேலைதான். ஆனால் தேடியது கிடைக்காத நாளில்கூடத் தேடாத ஒன்று கிடைக்கும்.

அடுத்தது தொகுப்புகள். இப்போது அவற்றுக்கு நேரம் வந்துவிட்டது. செங்கை ஆழியான் என்ற க. குணராசா (1941–2016) இந்த விஷயத்தில் எங்களுக்குச் செய்த உதவி அவருடைய சொந்த நாவல்களைவிடப் பெரிது என்பேன். அவருடைய வாசகர்கள் என்னை மன்னிக்கட்டும். ஈழகேசரிக் கதைகள், மறுமலர்ச்சிக் கதைகள் என்று பத்திரிகை பத்திரிகையாகப் பிரித்துத் தொகுத்தார். ‘ஈழத்துச் சிறுகதை வரலாறு’ 2001இல் வந்தது. சிற்பி தொகுத்த ‘ஈழத்துச் சிறுகதைகள்’ 1958ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சென்னை வாசகர் வட்டம் 1968இல் வெளியிட்ட ‘அக்கரை இலக்கியம்’ இலங்கை, மலேசிய எழுத்துகளைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியது. கனக செந்திநாதனின் ‘ஈழத்து இலக்கிய வளர்ச்சி’யில் (1964) பெயர்கள் மலிந்து கிடக்கும். விமர்சனம் என்று எடுத்தால் ஏமாறுவீர்கள். யாரைத் தேடவேண்டும் என்ற பட்டியலாக எடுத்தால் அதைப்போல் உதவுகிற புத்தகம் வேறில்லை.

மூன்றாவது இடம், பலர் நினைத்தும் பார்க்காதது: நினைவு மலர். யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். கல்வெட்டு என்றும் சொல்வோம். தேவாரத்துக்கும் வம்ச விருட்சத்துக்கும் இடையில், ‘அன்னார் இளமைக் காலத்தில் இன்ன பெயரில் கதைகள் எழுதினார்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். வாத்தியாராகவோ தபாலதிபராகவோ மட்டுமே ஊர் அறிந்த மனிதர் ஒருவர் திடீரென்று எழுத்தாளராகிவிடுவார். வீட்டு அலுமாரியில் மூலையில் கட்டிவைத்திருக்கும் கல்வெட்டுகளை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்.

நாலாவது, வாசிகசாலை. வலிகாமத்தில் குறிச்சிக்கு ஒரு சனசமூக நிலையம் இருக்கும். அங்கே ஒரு வாசிகசாலை. பழைய இதழ்கள் எல்லா இடத்திலும் மிஞ்சவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 1990இல் வலிகாமம் வடக்கின் கிராமங்கள் பலவற்றில் இருந்து சனம் இடம்பெயர்ந்தபோது அலுமாரிகள் பின்னால் நின்றன; 1995இன் பெரிய இடப்பெயர்வில் மிச்சமும் போயிற்று. மிஞ்சினது எது என்று பார்த்தால், யாரோ ஒரு ஆசிரியர் ரங்குப்பெட்டியில் வைத்திருந்தது, யாரோ ஒரு பிள்ளை கொழும்புக்குக் கொண்டுபோனது. ஆகவே தனிமனிதரின் வீட்டைத் தட்டாமல் இந்த வேலை நடக்காது.

தட்டினபின் என்ன கேட்பது? ‘இந்த ஊரில் எழுத்தாளர் யார் இருந்தவை?’ என்று கேட்டால், ‘அப்படி ஒருத்தரும் இல்லைத் தம்பி’ என்ற மறுமொழிதான் வரும். எங்கள் சனத்துக்கு எழுத்தாளர் என்றால் மேடையில் பொன்னாடை போர்த்தப்பட்டவர். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘மாஸ்ரர், நீங்கள் படிக்கேக்க உங்கட வாசிகசாலைக்கு என்னென்ன பேப்பர் வந்தது? அதில எங்கட ஊர் ஆக்களின்ர பேர் வந்தது ஞாபகம் இருக்கோ?’ கதவு திறக்கும். ஒரு பெயர் வந்தால் அவருடைய பிள்ளைகள் எங்கே என்று அடுத்ததாகக் கேளுங்கள்.

கிடைத்த இதழை இரவல் வாங்கிப் போகாதீர்கள். கைபேசியால் அங்கேயே படம் எடுங்கள். முதலில் அட்டை, பிறகு ஆண்டும் இதழ் எண்ணும் உள்ள பக்கம், பிறகுதான் கதை. கதையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து எந்த இதழ் என்று தெரியாமல் முழிப்பவர்கள் அதிகம். கறையான் தின்ற ஓரத்தை விரித்துப் பார்க்க வேண்டாம், உடைந்துவிடும்.

பெயர்ச் சிக்கல்

ஈழத்து இலக்கியத்தில் தேடுகிறவரை அதிகம் அலைக்கழிப்பது பெயர். ஒரு உதாரணம் போதும். சிவஞானசுந்தரம் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். த. சிவஞானசுந்தரம்தான் இலங்கையர்கோன். செ. சிவஞானசுந்தரம், வைத்தியப் பேராசிரியராக இருந்து கதைகளும் ‘மலைக்கொழுந்து’ நாவலும் எழுதிய நந்தி. சி. சிவஞானசுந்தரம், ‘சிரித்திரன்’ என்ற நகைச்சுவை ஏட்டை நடத்திய சுந்தர். முதலெழுத்தைக் கவனிக்காமல் விட்டால் ஒரு மனிதரின் கதைக்கு இன்னொருவரின் வாழ்க்கையை எழுதி விடுவீர்கள். அதேபோல முருகானந்தன் என்றால் எங்கள் அ.செ. மட்டுமல்ல, ச. முருகானந்தன், எம். கே. முருகானந்தன் என்று எழுதுகிற வைத்தியர்கள் இருவரும் உண்டு. போதாததற்கு அ.செ.மு.வைச் சில பட்டியல்கள் முருகானந்தம் என்றும் போட்டிருக்கும். இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

இதழ்க்காரரே பல பெயரில் எழுதுவதும் உண்டு. சின்னப் பத்திரிகையில் எட்டுப் பக்கத்தையும் ஒருவரே நிரப்பவேண்டி வந்தால் நாலு பெயர் தேவைதானே. புனைபெயர் ஒன்று யாருடையது என்று தெரியாதபோது ஊகித்து எழுதிவிடாதீர்கள். கேள்விக்குறி போட்டு வைத்திருங்கள். ஒருநாள் கல்வெட்டு ஒன்று மறுமொழி சொல்லும்.

எழுதிவைக்க ஒரு கொப்பி போதும். கதையின் பெயர், எழுதியவர், அச்சில் வந்த பெயர், சஞ்சிகை, ஆண்டும் மாதமும், எங்கே பார்த்தீர்கள், யார் காட்டினார்கள். கடைசி நிரலைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். சந்தேகம் வந்து திரும்பிப் போகவேண்டிய நாளில் அதுதான் தேவைப்படும்.

வாசிப்பது

பழைய ஈழத்துக் கதையை முதன்முதல் வாசிக்கிறவர், முக்கியமாக வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள், இரண்டு இடத்தில் தடக்குப்படுவார்கள். ஒன்று பேச்சுமொழி. கண்ணால் வாசித்தால் விளங்காத உரையாடல், வாய்விட்டு வாசித்தால் விளங்கும். வாசித்துப் பாருங்கள், உங்கள் அம்மம்மா குசினியில் இருந்து கதைத்த மாதிரியே இருக்கும். இந்தப் பேச்சுமொழி கதைக்குள் லேசாக வந்துவிடவில்லை. 1960களின் தொடக்கத்தில், சாதாரண சனத்தின் வழக்கைக் கதையில் எழுதலாமா கூடாதா என்று பண்டிதர்களும் முற்போக்கு எழுத்தாளர்களும் பத்திரிகையில் மோதிக்கொண்டார்கள். ‘இழிசனர் வழக்கு’ என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். அந்தச் சொல்லில் மொழி மட்டுமல்ல, சாதியும் இருந்தது என்பதை விளங்கிக்கொண்டால் டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது ஏன் அவ்வளவு பெரிய செய்தியாக இருந்தது என்பதும் விளங்கும். கே. டானியலின் கதைகளையும் அப்படித்தான் வாசிக்கவேண்டும். சாதியைப் பற்றிச் சொல்லாமல் ஊரின் பெருமையை மட்டும் சொல்லுகிற வாசிப்புக் கூட்டங்களில் எனக்கு ஆர்வம் இல்லை. எங்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றி இந்தக் கதைகளில் வருவதை வாசித்துவிட்டு அப்படிப் பேசவும் ஏலாது.

மற்றத் தடை பொருட்கள். துலா, பட்டை, திருக்கல், சங்கக்கடை, தட்டிவான். அகராதியை எடுக்கமுன் வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கேளுங்கள். துலா மிதித்த மனிதர் ஒருவர் அதைச் சொல்லித்தரும்போது, தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க விடிய எத்தனை மணிக்கு எழும்பவேண்டும் என்பதும் சேர்ந்து வரும். கதாசிரியர் அதைச் சொல்லியிருக்கமாட்டார். தன் வாசகருக்குத் தெரியும் என்று விட்டிருப்பார்.

போர்க்காலக் கதைகளுக்கு இந்த உதவி வேண்டியதில்லை. அங்கே வேறு வகையான தயக்கம் வரும். ரஞ்சகுமாரின் ‘கோசலை’ (‘மோகவாசல்’ தொகுதி, 1989) பிள்ளைகள் இயக்கத்துக்குப் போன ஒரு தாயின் கதை. தொண்டைமானாற்றைச் சேர்ந்த குந்தவையின் ‘யோகம் இருக்கிறது’ (2002) தொகுதியையும் அதோடு வையுங்கள். வயதுபோனவர்கள் இருக்கிற கூட்டத்தில் இவற்றை வாசிக்கமுன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாசிப்பது மரியாதை. எழும்பிப் போக விரும்புகிறவர் போகலாம்.

இப்போது எழுதுகிறவர்களையும் விடக்கூடாது. ‘மல்லிகை’யை டொமினிக் ஜீவா 1966 முதல் 2012 வரை கொண்டுவந்தார். அது நின்றபின்னும், அல்வாயில் இருந்து 2007 முதல் வரும் ‘ஜீவநதி’யும் 2000இல் தொடங்கிய ‘ஞானம்’ இதழும் புதியவர்களுக்கு இடம் கொடுத்தன. யாழ்ப்பாண நகரத்தில் பூபாலசிங்கம் புத்தகசாலையில் ஒரு மணித்தியாலம் நின்றால் புதுப் பெயர்கள் கண்ணில் படும். பத்துப் பக்கம்கூட வாசிக்கப் பொறுமையில்லாத பிள்ளைக்கு ஐ. சாந்தனின் ‘கடுகு’ (1975) குறுங்கதைகளைக் கொடுங்கள். ஒரு கதைக்கு ஒரு நிமிடம் போதும்.

வாசிகசாலையில் ஒரு பின்னேரம்

கண்டுபிடித்த கதையைக் கொப்பிக்குள் வைத்திருந்து பலனில்லை. வாசிகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பதினைந்து பேரைக் கூட்டுங்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் வேண்டாம். அவை முடிய ஒரு மணித்தியாலம் ஆகும், கதைக்கு நேரம் இருக்காது. ஒரே ஒரு கதை. ஒருவர் வாசிக்கட்டும், அல்லது உரையாடலை இரண்டு பேர் பிரித்து வாசிக்கட்டும். இருபது நிமிடத்துக்கு மேல் போகிற கதையை எடுக்காதீர்கள். அளவெட்டியில் ‘மனித மாடு’ அல்லது பவானியின் கதை ஒன்று, ஏழாலையில் ‘வெள்ளிப் பாதசரம்’, குப்பிழானில் சண்முகன். ஊருக்கு ஊர் இப்படி மாற்றலாம். தேத்தண்ணியைக் கதை முடிந்தபிறகு கொடுங்கள். முதலில் கொடுத்தால் கோப்பைச் சத்தத்தில் தொடக்கம் போய்விடும்.

வாசித்து முடித்தவுடன் ‘கருத்துச் சொல்லுங்கோ’ என்று கேட்காதீர்கள், சனம் உறைந்துவிடும். ‘இந்தக் கதையில் வாற ஆள் மாதிரி எங்கட ஊரில ஆர் இருந்தவர்?’ என்று கேளுங்கள். பிறகு உங்களுக்கு வேலை இல்லை.

இங்கே ஒரு சட்ட விஷயம். வாசித்துக் கேட்பது வேறு, அச்சடிப்பது வேறு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமை, எழுத்தாளர் மறைந்து எழுபது ஆண்டு வரை உண்டு. 1968இல் மறைந்த அ.ந.க.வின் எழுத்துகளுக்கு 2038 வரை, மஹாகவிக்கு 2041 வரை, அ.செ.மு.வுக்கு 2061 வரை. ஆகவே ஊர் மலர் ஒன்றில் கதையைத் திருப்பிப் போட விரும்பினால் குடும்பத்தாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறுப்பவர்கள் மிகக் குறைவு, கேட்டதற்கே சந்தோஷப்படுவார்கள். சிலவேளை, ‘அப்பாவின் கையெழுத்துப் பிரதி ஒன்றும் கிடக்கிறது, பார்க்கிறீர்களோ?’ என்று உள்ளே கூப்பிடுவார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் அதையும் படம் எடுத்து, குடும்பம் சம்மதித்தால் எண்ணிம நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். மூலப் பிரதியை அவர்களிடமே விட்டுவிடுங்கள், நல்ல கடதாசி உறை ஒன்றில் போட்டு, இறப்பர் பட்டி போடாமல்.

வலிகாமம் முடிந்தால் கடலைத் தாண்டித் தீவுப்பகுதிக்குப் போகலாம். புங்குடுதீவில் மு. தளையசிங்கம் (1935–1973) காத்திருக்கிறார். ‘புதுயுகம் பிறக்கிறது’ 1965இல் வந்தது. வேலணையில் பிறந்த க. சட்டநாதனும், அல்லைப்பிட்டியில் பிறந்து பாரிசில் எழுதும் ஷோபாசக்தியும் அதே கரையில். அங்கேயும் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான்: உங்கட வாசிகசாலைக்கு என்ன பேப்பர் வந்தது?